அப்பாவின் வர்ணப்பெட்டியை ஒளித்து வைக்காதீர்கள்

"இவருக்கு ஒருக்காச் சொல்லுங்கோ டொக்டர், இந்தப் படம் கீறுற வேலையை விடச் சொல்லி."

கண் கிளினிக்கில் இந்த வசனம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. சொல்பவர் பெரும்பாலும் மகள், சிலவேளை மருமகன். பக்கத்துக் கதிரையில் அறுபதைத் தாண்டிய ஒருவர் தலையைக் குனிந்தபடி இருப்பார். நக இடுக்கில் நீல வர்ணம் காய்ந்து கிடக்கும்.

திருகோணமலையில் இப்படிப்பட்டவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். பென்ஷன் எடுத்த ஆசிரியர்கள், கச்சேரியிலும் துறைமுகத்திலும் வேலை செய்து ஓய்ந்தவர்கள், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் அம்மாமார். பேரப்பிள்ளையின் பெஸ்டல் பெட்டியில் விளையாட்டாகத் தொடங்கியவர்கள்தான் அதிகம். பள்ளியில் சித்திரப் பாடத்தோடு விட்டது, நாற்பத்தைந்து வருடம் கழித்துத் திரும்பப் பிடித்துக்கொள்கிறது. ஊரும் விடுவதில்லை. எந்த வீதியில் போனாலும் முடிவில் தண்ணீர் தெரிகிறது. டச்சுக் குடாவில் நின்றால் சுவாமிமலை, உவர்மலைப் பக்கம் போனால் உள்துறைமுகம், தம்பலகாமத்தில் வயல், கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் மூதூர். சீனன்குடாவின் பழைய எண்ணெய்த் தாங்கிகளைக் கீறிக்கொண்டு வந்து காட்டியவரும் உண்டு. துரு நிறம் அவ்வளவு அழகு என்பதை அன்றுதான் நான் கவனித்தேன்.

எனக்குக் கோபம் வரவைத்தது கடைசியாக வந்த ஒருவருடைய கதை. கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர், கடற்கரைக் காட்சிகள் கீறுகிறவர். ஒரு வருடத்துக்கு முன் அவருடைய படங்களில் கடல் மண்ணிறமாகத் தொடங்கியது. மனைவி கவனித்தார், மகனும் கவனித்தார். "கண்ணைப் போட்டு வருத்துறதாலதான்" என்று முடிவு கட்டி, வர்ணப்பெட்டியை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டார்கள். கண்ணுக்கு ஓய்வு கொடுத்தார்களாம். அந்த ஓய்வுக்குள் இரண்டு கண்ணிலும் புரை நன்றாகத் தடித்துவிட்டது. அதைவிடக் கெட்டது, சீனி வருத்தத்தால் விழித்திரையில் இரத்தக் கசிவும் தொடங்கியிருந்தது. பெட்டியை ஏற்றிய அன்றே ஆளையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தால் கதை வேறு.

ஆகவே எல்லாவற்றுக்கும் முதல் இதை வடிவாக விளங்கிக்கொள்ளுங்கள். பாவிப்பதால் கண் பழுதாவதில்லை. பாவிக்கப் பாவிக்கக் கரைந்துபோக, கண் ஒன்றும் சவர்க்காரக் கட்டி இல்லை. வெளிச்சம் உள்ளே போவதாலும், நரம்பு அதை மூளைக்குக் கொண்டுபோவதாலும் எதுவும் தேய்வதில்லை. நீங்கள் கீறினாலும், மரக்கறி வெட்டினாலும், சும்மா விறாந்தையில் இருந்து வீதியைப் பார்த்தாலும் கண் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. "கொஞ்சமாகப் பார்த்து மிச்சம் பிடிப்போம்" என்ற சேமிப்புக் கணக்கு கண்ணுக்குக் கிடையாது.

"அப்ப ஏன் டொக்டர் கீறினால் கண் வலிக்குது?" வலிக்கும். கிட்டப் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் வில்லை வளைந்து கொடுக்க வேண்டும். நாற்பதைத் தாண்டினால் அது இறுகத் தொடங்குகிறது, அறுபதில் அசையவே மாட்டேன் என்று நிற்கும். அதற்குச் சரியான கண்ணாடி போடாமல் இரண்டு மணிநேரம் கூர்ந்து பார்த்தால் நெற்றி வலிக்கும், கண் எரியும், தண்ணீர் வடியும். அது களைப்பு. ஒரு நித்திரையோடு போய்விடும். மங்கிய வெளிச்சத்தில் கீறினால் கண் கெடும் என்பதும் இதே சாதி நம்பிக்கைதான். சிரமப்படுவீர்கள், படமும் வடிவாக வராது, ஆனால் கண்ணுக்குச் சேதம் எதுவும் வராது. புரை உள்ளவர் கீறலாம். குளுக்கோமா, அதாவது கண் அழுத்த நோய், உள்ளவர் கீறலாம். ஒரு கண்ணில் பார்வை போனவரும் கீறலாம். திரும்பவும் சொல்கிறேன், கீறுவதால் இந்த நோய்களில் எதுவும் வராது, வந்தது கூடவும் மாட்டாது.

பிறகு ஏன் கீறத் தொடங்கிய பிறகுதான் பார்வை மங்குகிறது? இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். ஓவியம் தொடங்கும் வயதும் கண் நோய் தொடங்கும் வயதும் ஒன்று, அவ்வளவுதான். அறுபதில் பென்ஷன், அறுபதை ஒட்டிப் புரை, சீனியும் பிறஷரும் அதற்கு முன்னரே வந்து குந்தியிருக்கும். கீறாமல் இருந்திருந்தாலும் மங்கியிருக்கும், ஆனால் தெரிந்திருக்காது. தொலைக்காட்சியை முன்னால் போய் இருந்து பார்த்துச் சமாளிக்கலாம். பத்திரிகையில் தலைப்பை மட்டும் வாசித்துவிட்டு மடித்து வைக்கலாம். ஒரு நிலக்காட்சியைக் கீறும்போது அப்படித் தப்ப முடியாது. தூரத்துப் படகு, மடியில் இருக்கும் தாள், நீலத்துக்கும் ஊதாவுக்கும் உள்ள வித்தியாசம், நேர்கோடு, நிழலின் ஆழம் என்று எல்லாவற்றையும் ஒரே இருப்பில் கண்ணிடம் கேட்கிறது. குறை இருந்தால் தாளிலேயே வந்துவிடும். நான் கிளினிக்கில் பல எழுத்துப் பலகைகளை வைத்துக் கண்டுபிடிப்பதை, சிலவேளை ஒரு படமே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது.

ஒரு இடைச்செருகல். அப்பாவின் பிரஷைப் பறிக்கும் அதே வீட்டில் ஏழு வயதுப் பேரன் நாள் முழுக்கப் போனும் கையுமாகக் குப்புறப் படுத்திருப்பான். கிட்ட வேலையால் கண் மாறக்கூடிய வயது அவனுடையது. வளரும் கண்ணில் கிட்டப்பார்வைக் குறை கூடும், வெளிவெளிச்சத்தில் விளையாடும் நேரம் அதைத் தள்ளிப்போடும் என்பது இன்று உறுதியான விஷயம். பறிப்பதென்றால் அந்தப் போனைப் பறியுங்கள். பறித்துவிட்டுப் பேரனைத் தாத்தாவோடு கடற்கரைக்கு அனுப்புங்கள்.

சரி, படம் என்ன சொல்லும்?

முதலாவது நிறம். கண்ணின் வில்லை வயதோடு மஞ்சளாகிப் பிறகு மண்ணிறமாகும். நீலத்தையும் ஊதாவையும் அது வடித்து நிறுத்திவிடும். அதோடு வெளிச்சமும் குறைகிறது. 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதில் போனதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும், அந்திக் கடலின் ஊதாவைக் காணவே முடியாது, வெள்ளை பழைய கடதாசி நிறமாகும். இது மெல்ல மெல்ல நடப்பதால் ஆளுக்குத் தெரியாது. படத்தைப் பார்ப்பவருக்குத் தெரியும்.

பிரான்ஸ் நாட்டு ஓவியர் குளோட் மொனே இதற்குப் பெரிய சாட்சி. 1840இல் பிறந்தவர், ஒளியின் நுணுக்கத்தைக் கீறியே பெயர் எடுத்தவர். 1912இல் இரண்டு கண்ணிலும் புரை என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். சத்திர சிகிச்சைக்குப் பயந்து தள்ளிக்கொண்டே போனார். அவருடைய அல்லிக்குளமும் தோட்டமும் படங்களில் சிவந்து, மண்ணிறமாகி, கலங்கின. வர்ணக் குழாயின் பெயரை வாசித்தும், தட்டில் வர்ணங்களை எப்போதும் ஒரே ஒழுங்கில் வைத்தும் சமாளித்தார். கடைசியில் 1923இல் வலக்கண்ணில் சத்திர சிகிச்சை நடந்தது. அவரை விடாமல் வற்புறுத்திய நண்பர் கிளமென்சோ, முன்னாள் பிரதமர் என்பது எல்லோருக்கும் தெரியும், அவர் ஒரு வைத்தியரும்கூட. சிகிச்சைக்குப் பிறகு மொனேக்கு உலகம் நீலமாகத் தெரிந்தது. அந்தக் காலத்தில் புரையை எடுத்துவிட்டு உள்ளே வேறு வில்லை வைக்க மாட்டார்கள். நிறக்கண்ணாடி போட்டுத்தான் ஈடு செய்தார். 1926இல் இறக்கும்வரை கீறினார். இன்று உள்ளே வில்லை வைத்து, பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்புகிறோம். அரசாங்க வைத்தியசாலையில் சத்திர சிகிச்சைக்குக் காசும் இல்லை. அப்படியிருந்தும் நம்முடைய ஆட்கள் மொனேயைவிட அதிகம் பயப்படுகிறார்கள்.

இந்த இடத்தில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கேட்கும். கடலையும் மஞ்சளாகப் பார்க்கிறார், வர்ணத்தையும் அதே மஞ்சளான கண்ணால்தான் பார்க்கிறார், அப்போது இரண்டும் சரிப்பட்டு வரவேண்டுமே? நல்ல கேள்வி. ஓரளவு சரிப்பட்டும் வரும். பிரச்சினை என்னவென்றால், நல்ல கண் பிரித்துக் காணும் இரண்டு நிறங்கள் இவருக்கு ஒன்றாகிவிடுகின்றன. தட்டில் தவறான வர்ணத்தைத் தொட்டாலும் தவறு என்று தெரியாது. பாதிப் படம் ஞாபகத்தில் இருந்து வருவது வேறு. "கடல் இவ்வளவு நீலமாக இருந்ததே" என்று நினைத்துக்கொண்டு அளவுக்கு மீறி அள்ளிப் பூசுகிறவர்களும் உண்டு. ஆகவே புரையால் படம் மண்ணிறமாகவும் போகலாம், கண்ணைக் குத்தும் நீலமாகவும் போகலாம். மாறுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். போன வருடத்துப் படத்தையும் இந்த வருடத்துப் படத்தையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மற்றதை மூடிப் பாருங்கள். ஒரு கண்ணுக்கு வெள்ளை, மற்றதுக்குத் தேநீர் பட்ட வெள்ளை என்றால் கிளினிக்குக்கு வாருங்கள். ஒரு கண்ணில் சத்திர சிகிச்சை முடிந்து மற்றதுக்குக் காத்திருப்பவர்களுக்கு இது கட்டாயம் தெரியும். "புதுக்கண்ணில ஏதோ பிழை, எல்லாம் நீலமா இருக்கு" என்று பதறிக்கொண்டு ஓடி வருவார்கள். பிழை பழைய கண்ணில்.

இரண்டாவது, கோடு. இதை ஒருபோதும் அலட்சியம் செய்யாதீர்கள். நம்முடைய ஊரில் இதைச் சோதிக்க வைத்தியசாலையின் கட்டம் போட்ட அட்டை தேவையில்லை, கடல் இருக்கிறது. உப்புவெளியிலோ நிலாவெளியிலோ நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடிவானக் கோட்டைப் பாருங்கள். பிறகு மற்றக் கண். கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியோடே பார்க்க வேண்டும். கோடு நடுவில் வளைந்தோ, நெளிந்தோ, ஒரு துண்டு அழிந்தோ தெரிந்தால், விழித்திரையின் நடுப்பகுதியில் கோளாறு. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் மற்றதன் குறையை மூடிவிடும், அதனால்தான் ஒவ்வொன்றாக. கிண்ணியாவில் இருந்து ஒருவர் வந்தார். 2009இல் திறந்த அந்த 396 மீற்றர் பாலத்தைக் கீறியிருந்தார். பாலம் நடுவில் தொய்ந்திருந்தது. வீட்டில் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அவருக்கு மட்டும் சந்தேகம் தட்டியது, அடுத்த நாளே வந்தார். அந்தச் சந்தேகத்துக்கு நான் எழுந்து நின்று வணக்கம் சொல்வேன். விழித்திரை நடுவில் நீர் கசியும் வகை என்றால் நாட்கணக்கில் முடிவெடுக்க வேண்டும், "தைப்பொங்கல் முடியட்டும்" என்று தள்ளக்கூடாது.

மூன்றாவது, படத்தின் ஒரு பக்கம் திடீரென்று வெறுமையாகப் போவது. வலப்பக்கம் மரம், வீடு, படகு எல்லாம் இருக்கும், இடப்பக்கம் தாள் அப்படியே வெள்ளையாகக் கிடக்கும். கேட்டால் "முழுக்கக் கீறிட்டன்" என்பார். இது கண் கிளினிக்குக்கு உரியதே இல்லை. மூளையில் இரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கலாம். அன்றே, அந்த மணித்தியாலமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். புது ஸ்டைல் என்று முகநூலில் போட்டுவிட்டு இருக்காதீர்கள்.

குளுக்கோமாவை மட்டும் படம் காட்டிக்கொடுக்காது. ஓரப்பார்வையை அது சத்தம் இல்லாமல் அரித்துக்கொண்டு போகும், மூளை அந்த இடத்தை நிரப்பிவிடும், வலியும் இல்லை. தெரியும்போது போனது போனதுதான். நாற்பதுக்கு மேல் கண் அழுத்தத்தையும் நரம்பையும் ஒழுங்காகச் சோதிக்க வேண்டும், தாய் தகப்பன் சகோதரருக்கு இருந்தால் இன்னும் கவனமாக. சீனி வருத்தம் உள்ளவர் பார்வை வடிவாக இருந்தாலும் வருடம் ஒருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும். "கண் வடிவாத் தெரியுது, ஏன் வரவேணும்?" என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்த வசனம்.

"புரை முத்தட்டும், பிறகு வெட்டலாம்" என்ற கதையை யார் தொடக்கிவைத்தார்களோ தெரியாது. பழைய சத்திர சிகிச்சை முறையில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. இன்று இல்லை. முத்தினால் வில்லை கல்லாகும், வேலை கடினமாகும், சிலருக்கு உள்ளே வீங்கி அழுத்தமும் ஏறும். உங்களுக்கு அன்றாட வேலை தடைப்படுகிறதா என்பதே அளவுகோல். கீறுவதும் அன்றாட வேலைதான். சத்திர சிகிச்சைக்கு முன் வைத்தியரிடம் "நான் படம் கீறுகிறவன்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். உள்ளே வைக்கும் வில்லையைத் தூரத்துக்கா, கிட்டத்துக்கா கணக்குப் பார்ப்பது என்று அதை வைத்துக் கதைக்கலாம். சொல்லாவிட்டால் எல்லோருக்கும் போல உங்களுக்கும் தூரத்துக்குத்தான் வைப்போம். ஆண்களுக்கு இன்னொன்று: சிறுநீர் தடைக்கு டாம்சுலோசின் குளிசை எடுத்தால், எடுத்து நிறுத்தியிருந்தாலும், கட்டாயம் சொல்லுங்கள். சத்திர சிகிச்சையின்போது கருவிழிப்படலம் தொளதொளத்துப்போய் எங்களுக்கு வேர்க்க வைக்கும். முன்கூட்டித் தெரிந்தால் ஆயத்தமாக இருப்போம்.

அம்மாமாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவின் பார்வை மங்கினால் ஓட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிறீர்கள். அம்மா கைப்பழக்கத்தில் வெங்காயம் வெட்டிக்கொண்டே இருப்பார், அவருக்குப் பார்வை இல்லை என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நூல் கோர்க்கப் பேத்தியைக் கூப்பிடத் தொடங்கி எவ்வளவு காலம் என்று கேட்டுப் பாருங்கள்.

இனிக் கண்ணாடி. கீறுகிற முதியவர்களின் கழுத்து வலியில் பாதி இதனால் வருகிறது. வாசிக்கும் கண்ணாடி 35 முதல் 40 சென்ரிமீற்றர் தூரத்துக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது. ஸ்டாண்டில் நிறுத்திய படம் இருப்பது 60, 70 சென்ரிமீற்றரில். கடல் இருப்பது வெகுதூரத்தில். இரட்டை வில்லைக் கண்ணாடிக்காரர் படத்தைப் பார்க்க, கீழ்த் துண்டுக்குள் பிடிக்க வேண்டும் என்று நாடியைத் தூக்கித் தூக்கிக் கழுத்தை முறித்துக்கொள்வார். அப்படியும் தெளிவாகத் தெரியாது, ஏனென்றால் அந்தத் துண்டு புத்தகத்துக்கு உரியது. செய்ய வேண்டியது சின்ன வேலை. நீங்கள் வழக்கமாக இருந்து கீறும் மாதிரியே இருந்து, கண்ணில் இருந்து தாள்வரை அளவு நாடாவால் அளந்து, அந்த எண்ணைக் கடதாசியில் எழுதிக்கொண்டு வாருங்கள். அதற்கு ஏற்ற கண்ணாடியை நாங்கள் எழுதித் தருவோம். கடையில் தொங்கும் ஆயத்தக் கண்ணாடிகளில் இரண்டு பக்கமும் ஒரே பவர்தான் இருக்கும். உங்கள் இரண்டு கண்ணும் ஒன்றாக இருக்கும் என்று யார் சொன்னது?

இன்னொரு எச்சரிக்கை. இரட்டை வில்லைக் கண்ணாடியோடு படியிறங்கும்போது கீழ்த் துண்டால் படியைப் பார்ப்பீர்கள், படி மங்கலாகத் தெரியும். கோணேசர் கோயில் படிகளிலும் கோட்டைப் பாதையிலும் பை, ஸ்டாண்ட், தண்ணீர்ப் போத்தல் எல்லாம் சுமந்துகொண்டு இறங்குகிற நீங்கள், நாடியைக் கீழே இறக்கி மேல் துண்டால் பாருங்கள். கண் பிழைத்து இடுப்பு முறிந்த கதைகள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

வெயில். நம்முடையது கிழக்குக் கரை. காலையில் கடலைப் பார்த்து இருந்தால் சூரியன் நேரே முகத்தில், போதாக்குறைக்குத் தண்ணீரில் தெறித்ததும் சேர்ந்து. ஆகவே காலையில் உள்துறைமுகப் பக்கம் மேற்கைப் பார்த்துக் கீறுங்கள், பின்னேரத்தில் டச்சுக் குடாவுக்கோ உப்புவெளிக்கோ வந்து கிழக்கைப் பாருங்கள். வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்து காட்சியில் விழும், நிறமும் வடிவாகத் தெரியும். பத்து மணியில் இருந்து மூன்று மணிவரை வீட்டில் இருங்கள். உலர்ந்த கடற்கரை மணல் புற ஊதாக் கதிரில் 15 வீதத்தையும் கடல் நுரை 25 வீதத்தையும் திருப்பி அடிக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குடைக்குக் கீழே இருந்தாலும் கீழேயிருந்து வரும் என்பதுதான் இதன் பொருள். அகன்ற விளிம்புத் தொப்பி போடுங்கள், கிரிக்கெட் தொப்பி காணாது. புற ஊதாவை மறைக்கும் கண்ணாடியும் வேண்டும், வெறும் கறுப்புப் பிளாஸ்டிக் வேண்டாம். நிறம் பார்க்க முடியாது என்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுவீர்கள் என்று தெரியும். நிறமில்லாத கண்ணாடியிலும் புற ஊதாத் தடுப்பு வாங்கலாம், கேட்டு வாங்குங்கள். நம்முடைய மீனவர்களின் கண்ணில் மூக்குப் பக்கமாக வளர்ந்து வரும் சதையைப் பார்த்திருப்பீர்கள். வருடக்கணக்கில் பட்ட வெயிலும் காற்றும் செய்த வேலை அது.

சூரிய உதயம் கீறுகிறவர்களுக்குத் தனியாக: வட்டம் அடிவானத்தை விட்டு மேலே வந்தபிறகு அதை உற்றுப் பார்க்க வேண்டாம். சுற்றியுள்ள மேகத்தைப் பாருங்கள், தண்ணீரைப் பாருங்கள். விழித்திரை சுட்டால் வலிக்காது, நடுவில் ஒரு புள்ளி மட்டும் நிற்கும்.

கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கண் வறண்டுபோகும். கூர்ந்து கீறும்போது இமைப்பதையும் மறந்துவிடுவோம், இரண்டும் சேர்ந்தால் மண் விழுந்தது மாதிரி உறுத்தும். சிலருக்கு அந்த வறட்சியே தாரையாகக் கண்ணீர் வரவைக்கும். "தண்ணியா ஓடுது, எப்படி டொக்டர் வறட்சி?" என்று கேட்காதீர்கள், அப்படித்தான். இடைக்கிடை கண்ணை இறுக மூடித் திறவுங்கள், காற்றுக்கு முதுகு காட்டி இருங்கள். செயற்கைக் கண்ணீர்த் துளி பாவிக்கலாம். ஆனால் சிவப்பை உடனே வெளுக்க வைக்கும் துளியைப் பார்மசியில் கேட்டு வாங்கி விடாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரரின் மிச்சப் போத்தலையும் வாங்க வேண்டாம். அவற்றில் சிலவற்றில் ஸ்டீரொயிட் மருந்து இருக்கும். மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறும், புரையும் வரும். திறந்த போத்தலை நான்கு கிழமைக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். தேன், விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதுவும் கண்ணுக்குள் போகக் கூடாது. கெஞ்சிக் கேட்கிறேன்.

எண்ணெய் வர்ணத்துக்குப் போனவர்கள் கேளுங்கள். கதவடைத்த அறையில் டர்பன்டைன் திறக்காதீர்கள். பிரஷை நக்கிக் கூராக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள், சில மஞ்சளிலும் சிவப்பிலும் கட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கிறது. வர்ணக் கையால் கண் கசக்காதீர்கள். கண்ணில் தெறித்தால் உடனே பைப்பைத் திறந்து, இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள், பிறகு வாருங்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறிந்தால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். நெருப்புக்குச்சி தேவையில்லை. வெளியே விரித்துக் காயப்போடுங்கள் அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டின்னில் போட்டு மூடுங்கள். இவ்வளவும் தலைவலி என்றால் நீர்வர்ணத்திலேயே இருங்கள்.

வயதைப் பற்றிக் கதைப்பவர்களிடம் எனக்கு அதிகம் சொல்ல இல்லை. சர்ச்சில் 1915இல், 40 வயதில், பதவி பறிபோன கவலையில் நிலக்காட்சி கீறத் தொடங்கிக் கடைசிக் காலம்வரை விடவில்லை. அமெரிக்காவில் பாட்டி மோசஸ் என்று எல்லோரும் அழைத்த கமக்காரப் பெண் 1860இல் பிறந்தவர். விரல் மூட்டு வாதத்தால் ஊசி பிடிக்க முடியாமல் பூவேலையை விட்டு, எழுபதுகளின் கடைசியில் பிரஷைப் பிடித்தார். 1961இல், 101 வயதில் இறக்கும்போது அவருடைய நாட்டுப்புறக் காட்சிகள் உலகம் முழுக்கத் தெரிந்திருந்தன. ஊசி பிடிக்காத கை பிரஷ் பிடித்தது. கை நடுங்கினால் தடித்த பிடியுள்ள பிரஷ் வாங்குங்கள், முழங்கையை மேசையில் ஊன்றுங்கள். நடுக்கம் புதிதாக வந்தது என்றால் அதற்கும் வைத்தியரைப் பாருங்கள்.

கிளினிக்குக்கு வரும்போது கையில் இருக்க வேண்டியவை: பழைய படம் ஒன்று, புதுப்படம் ஒன்று, வீட்டில் உள்ள எல்லாக் கண்ணாடியும் (உடைந்ததும்தான்), எடுக்கும் குளிசைகளின் மட்டைகள், சீனி வருத்தக் கிளினிக் கொப்பி, கண்ணுக்கும் தாளுக்கும் இடைத் தூரம் எழுதிய துண்டு. பெரிய படத்தைச் சுருட்டிக் கசக்கிக்கொண்டு வராமல் போனில் பகல் வெளிச்சத்தில் எடுத்துக்கொண்டு வந்தாலும் போதும். கண்மணியை விரிக்கும் துளி விடுவோம், சில மணிநேரம் கிட்டப் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். ஆகவே மோட்டார் சைக்கிளில் தனியாக வர வேண்டாம், கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அன்று பின்னேரம் கீற முடியாது. அடுத்த நாள் காலையில் கீறலாம்.